வலது கையின் ஜிகினா

ஜனவரி 8, ஞாயிறு

நேற்றே பாட்டில்களைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தேன். ஜிகினா அடியில் போய்த் தங்கிவிடும். முதல் நாளே கவிழ்த்து வைத்தால்தான் மறுநாள் தூரிகையில் ஏறும். வெளியே ஏரிக்காற்று. காரை எடுக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை. சரி என்று இந்த வருடத்துப் போட்டியைத் தொடங்கிவிட்டேன்.

ஐந்து பாட்டில், ஐந்து விரல். எல்லா நகத்திலும் அடியில் ஒரே கறுப்பு நெயில் பாலிஷ். அதன்மேல் விரலுக்கு ஒரு ஜிகினா மேல்பூச்சு. அதற்கும் மேலே நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, இரண்டு முறை. ஒரு முறை போதாது, ஜிகினா அதைக் குடித்துவிடும். நகம் சொரசொரவென்று கம்பளிக் கையுறையில் மாட்டும். அப்புறம் பத்து நாள் எப்போதும்போல இருக்க வேண்டும். பாத்திரம் கழுவலாம், பனி அள்ளலாம். கடைசியில் எது பிழைத்திருக்கிறதோ அதுதான் ஜெயித்தது.

ஒன்பது வருடமாக இதை நானும் டெனீஸும் சேர்ந்துதான் செய்தோம். டெனீஸ் என் அண்ணன் கர்ட்டின் மனைவி. அக்டோபரில் அவனை விட்டுப் போய்விட்டாள். மனைவியாக இருந்தவள் என்று எழுத வேண்டுமோ? விவாகரத்து இன்னும் முடியவில்லை. மனைவி என்றே இருக்கட்டும்.

என் வலது கைக்கு அவள் பூசுவாள், அவள் வலது கைக்கு நான். நான்கு கையும் ஒரே சீராக இருக்கும். அதைப் படமெடுத்து எங்கள் இணையப் பக்கத்தில் போடுவோம். அதைப் பார்ப்பதற்கென்றே கொஞ்சம் பெண்கள் வருகிறார்கள். பூசும்போது டெனீஸ் "முனைய மூடுடி!" என்று கத்திக்கொண்டே இருப்பாள். நகத்தின் நுனி விளிம்பிலும் தூரிகையால் ஓர் இழுப்பு இழுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அங்கிருந்துதான் பெயர ஆரம்பிக்கும்.

இன்று இடது கை நன்றாக வந்தது. வலது கை கோழி கிளறின மாதிரி. இடது கையை மட்டும் படமெடுத்தேன்.

ஜனவரி 10, செவ்வாய்

மருந்துக்கடையில் என் பக்கத்துக் கவுண்டரில் நிற்கிற ஜானெல் என் வலது கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன ட்ரூடி, பூசும்போது பஸ்ல போயிட்டிருந்தியா?"

சிரித்தேன். சிரிப்பு வந்தது, முகத்தில். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

ஜனவரி 11, புதன்

ஒன்றும் இல்லை. சூப் நன்றாக இருந்தது.

ஜனவரி 15, ஞாயிறு

சர்ச் முடிந்து அம்மா வீட்டில் சாப்பாடு. மேலே உருளைக்கிழங்கு அடுக்கி அடுப்பில் வேகவைத்த ஹாட்டிஷ் கறி, பச்சை ஜெல்லி. கர்ட் எதிரில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். இளைத்திருக்கிறான். தாடியை ஒழுங்காகச் சிரைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

அம்மா என் கையைப் பார்த்துவிட்டாள்.

"வலது கைய என்ன பண்ணி வெச்சிருக்க? வரலேன்னா விட்டுத் தொலையேன்."

"சும்மா பூசினேம்மா."

"அவ உன்கிட்ட பேசுறாளா?"

அவ என்றால் யார் என்று கேட்க வேண்டியதில்லை. நவம்பரில், நன்றி செலுத்தும் நாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே அம்மா சொல்லிவிட்டாள்: "அவ பேரு இனிமே இந்த வீட்டுல வேண்டாம். அவளோட உறவு வெச்சுக்கிறவங்களும் வேண்டாம்." அன்றைக்கும் கர்ட் தட்டைத்தான் பார்த்தான்.

"பேசலம்மா" என்றேன். உண்மைதான். அவள் கூப்பிடுகிறாள், நான் எடுப்பதில்லை. நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதுவும் ஒரு பக்கம்தானோ?

டெனீஸ் முன்பு ஒருமுறை சொன்னாள்: "உங்க வீட்டுல சூப்பு ஆறிப்போச்சுன்னு கூட ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்க. ஆறினதையே குடிச்சிட்டு எழுந்து போவீங்க." அப்போது கர்ட்டும் சிரித்தான். பிறகு அதற்காகவே போய்விட்டாள். அடிக்கவில்லை, குடிக்கவில்லை; அவன் பேசவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு சுவரோடு சாப்பிட முடியாது என்று எனக்கு எழுதியிருந்தாள். பதில் போடவில்லை. என்ன எழுதுவது? நானும் அந்தச் சுவரின் சொந்தம்தான்.

ஜனவரி 18, புதன்

முதல் சுற்று முடிந்தது. நடுவிரல்தான் ஜெயித்தது, 'கல்யாணக் குப்பை' என்று பெயர் வைத்த பாட்டில். கிழித்துப் போட்ட வெள்ளி, பொன் தூள். ஒரு கீறல் இல்லை. கட்டைவிரலில் போட்ட 'வடக்கு வெளிச்சம்' மூன்றாம் நாளே சாயம் போய் வெறும் வெள்ளியாகிவிட்டது. மலிவு ஜிகினா.

பூசுவதைவிடக் கொடுமை எடுப்பது. ஜிகினா சும்மா துடைத்தால் போகாது. பஞ்சை ரிமூவரில் நனைத்து நகத்தில் வைத்து, அலுமினியத் தாளால் விரலை இறுக்கச் சுற்றி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். தாளைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுப்பது கர்ட்டின் வேலை. ஹாக்கி பார்த்துக்கொண்டே வெட்டுவான். எல்லாம் ஒரே அளவில் இருக்கும். ஒரு வார்த்தை பேச மாட்டான், ஆனால் கேட்காமலே வெட்டி மேஜையில் வைத்துவிடுவான்.

இடது கையைச் சுற்றிவிட்டேன். தாள் சுற்றிய அந்த விரல்களை வைத்துக்கொண்டு வலது கையை எப்படிச் சுற்றுவது? பஞ்சு விழுந்தது, தாள் கிழிந்தது. பல்லால் இழுத்தேன், வாயெல்லாம் ரிமூவர் கசப்பு. எப்படியோ பத்தும் சுற்றி முடித்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. டெனீஸ்.

பத்து விரலும் மாட்டிக்கொண்டிருந்தன. எடுக்க முடியாது. எடுக்க முடியாது என்பது எவ்வளவு நிம்மதியாக இருந்தது! அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வருத்தமாக இருக்கிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். இல்லை. கோபம்? அதுவும் இல்லை. ஊசி போட்ட பிறகு பல் டாக்டர் கன்னத்தைத் தட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி.

ஜனவரி 22, ஞாயிறு

இரண்டாவது சுற்று. புது ஐந்து பாட்டில். இந்த முறை அடியில் உரிக்கிற பூச்சைப் போட்டுவிட்டு மேலே எல்லாவற்றையும் பூசினேன். வெள்ளைப் பசை மாதிரி இருக்கும், காய்ந்தால் தெரியாது. வேண்டாம் என்றபோது குச்சியால் நெம்பினால் முழு நகப்பூச்சும் கழன்று வந்துவிடும். தாளும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம்.

அம்மா வீட்டுக்குப் போகவில்லை. சாலையில் பனிக்கட்டி என்றேன்.

ஜனவரி 24, செவ்வாய்

ஐந்தும் போச்சு. பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் ஆள்காட்டி விரல் காலி. ஒரு வாடிக்கையாளருக்கு மருந்து கொடுக்கும்போது சுண்டுவிரல் பூச்சு அப்படியே கழன்று அவர் பையில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

மாலையில் கழன்றதையெல்லாம் மேஜையில் வரிசையாக வைத்துப் படமெடுத்துப் பக்கத்தில் போட்டேன். 'இந்த ஐந்தில் ஒன்றுகூடத் தேறாது. வாங்காதீர்கள்.' வேறு என்ன எழுத இருக்கிறது?

ஜனவரி 27, வெள்ளி

எல்லாரும் ஒரே கேள்வி: டெனீஸின் கை எங்கே? அவளுக்கு மணிக்கட்டு வலி என்று பதில் போட்டேன். ஏன் அப்படிப் போட்டேன்? தெரியவில்லை. விரல் தானாகத் தட்டிவிட்டது.

அயோவாவில் தன் சமையலறையிலேயே பாலிஷ் கலந்து விற்கிற ஒரு பெண் மிகப் பணிவாக எழுதியிருக்கிறாள். ஐந்தில் ஒன்று, 'செவ்வாய்க்கிழமை', அவளுடையது. 'என் கையில் பன்னிரண்டு நாள் இருந்ததே, நான் எங்கே தப்பு செய்தேன் என்று சொல்ல முடியுமா?'

படித்தேன். மூடினேன்.

பிப்ரவரி 2, வியாழன்

டெனீஸிடமிருந்து போனில் செய்தி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது.

"என் மணிக்கட்டு நல்லாத்தான் இருக்கு, விசாரிச்சதுக்கு நன்றி."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று:

"அடியே, அடியில உரிக்கிறதப் போட்டியா?"

சாண்ட்விச் கையில் அப்படியே நின்றது. ஐயோ! சோதனைக்கு உரிக்கிற பூச்சைப் போடுவாளா ஒருத்தி? கழன்று வருவதற்கென்றே செய்த சாமானை அடியில் போட்டுவிட்டு, மேல்பூச்சு நிற்கவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்வாளா? முதல் நாள் பாலிஷ் வாங்கின பதின்மூன்று வயசுப் பெண்கூட இதைச் செய்யாது. போடும்போது எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கப்புறமும் தோன்றவில்லை. எல்லாம் முழுசு முழுசாக, வண்டு ஓடு மாதிரி மேஜையில் கிடக்கிறது, நானே படமெடுத்துப் போட்டிருக்கிறேன், அப்போதும் தோன்றவில்லை.

அவள் படத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

மூன்றாவது செய்தி மாலையில்:

"தாளு தனியா சுத்த முடியல, அதான?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். திருப்பினேன். மறுபடி கவிழ்த்தேன்.

எப்படிடி தெரியுது உனக்கு? யாரு கேட்டா உன்ன? அம்மா கேக்கல, கர்ட் கேக்கல, ஜானெல் தினம் பக்கத்துல நிக்கிறா, அவளுக்கும் தெரியல. விட்டுட்டுப் போனவ நீ. உனக்கு மட்டும் ஏன் தெரியணும்?

பிப்ரவரி 3, வெள்ளி

பக்கத்தில் திருத்தம் போட்டேன்: தப்பு என்னுடையது, பாட்டில்களுடையது அல்ல, இரண்டாவது சுற்று செல்லாது. அயோவாப் பெண்ணிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். 'அப்பாடா' என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

டெனீஸுக்கு இன்னும் எழுதவில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

அம்மா வீடு. கர்ட் ஜெல்லியைத் தொடவில்லை. அம்மா அவன் தட்டைப் பார்த்தாள், என் தட்டைப் பார்த்தாள், எழுந்து போய்க் காபி போட்டாள்.

பிப்ரவரி 19, ஞாயிறு

டெனீஸ் எழுதியிருக்கிறாள். ஃபார்கோவில் வேலை கிடைத்துவிட்டதாம், ஈஸ்டருக்கு முன்னால் போகிறாளாம். காரில் நாலு மணி நேரம்.

"போறதுக்குள்ள அந்த அஞ்சையும் ஒழுங்கா சோதிச்சிடலாம். வரணும்னா வா. வரலேன்னா இனிமே நான் கூப்பிடமாட்டேன் ட்ரூடி."

ட்ரூடி என்று முழுப் பெயரும் எழுதியிருக்கிறாள். எப்போதும் ட்ரூட்தான், இல்லாவிட்டால் அடியே.

மார்ச் 4, சனி

போனேன். அவள் குடியிருக்கிற கட்டடத்துக்கு எதிரில் காரை நிறுத்தினேன். மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. உள்ளே நடமாடுவதுகூடத் தெரிந்தது. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அங்கே ஏறினால் அம்மாவிடம் இனிமேல் 'பேசலம்மா' என்று சொல்ல முடியாது. ஏறாவிட்டால் அவள் போய்விடுவாள். இரண்டும் தெளிவாகத் தெரிகிறது. தெரிந்தும் ஒன்றும் உறைக்கவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

பனி. அள்ளினேன். மறுபடி பனி.

மார்ச் 25, சனி

இன்று படியேறிவிட்டேன். ஏற வேண்டும் என்று முடிவெடுத்ததாக ஞாபகமில்லை. பையில் ஐந்து பாட்டிலும் நேற்றிலிருந்தே தலைகீழாக இருந்தன. அப்படியென்றால் நேற்றே முடிவாகிவிட்டது போல.

டெனீஸ் கதவைத் திறந்து என்னைப் பார்க்கவில்லை, என் வலது கையைப் பார்த்தாள்.

"கண்றாவி" என்றாள். "உள்ள வா, பூட்ஸக் கழட்டு."

அறை முழுக்க அட்டைப்பெட்டிகள். மேஜை மட்டும் காலியாக இருந்தது. விளக்கு, பஞ்சு, குச்சி எல்லாம் வழக்கமான இடத்தில். கையை நீட்டினேன். பழைய பூச்சைத் துடைத்தாள், நகத்தை அரத்தால் தேய்த்தாள், கறுப்பைப் பூசினாள். அதுவரைக்கும் பேசவே இல்லை. எங்கள் குடும்பத்திடமிருந்து கற்றுக்கொண்டுவிட்டாளோ என்று நினைத்தேன். ஜிகினாவைத் தொட்டுத் தொட்டு வைக்கும்போதுதான் ஆரம்பித்தாள்.

"அஞ்சு மாசம் போன எடுக்கல நீ."

"ம்."

"ம் இல்ல. வாயத் தொறந்து சொல்லு."

"எடுக்கல."

"நான் உங்கண்ணனத்தான் விட்டேன். உன்ன எப்படி விட்டேன்? சொல்லு. உன்ன எங்கடி விட்டேன் நான்?"

தூரிகை என் மோதிர விரல் மேல் நின்றுகொண்டிருந்தது. ஒன்பது வருடத்தில் அவள் ஒரு சொட்டுகூடச் சிந்தி நான் பார்த்ததில்லை. ஒரு சொட்டு ஜிகினா என் தோலில் விழுந்தது.

"அம்மா சொன்னா" என்றேன். "அம்மா சொன்னான்னு சும்மா இருந்துட்டேன். எனக்கு ஒண்ணுமே தோணல டெனீஸ். அழுகைகூட வரல. ஏதோ ஆயிருச்சு எனக்கு."

"தெரியும். அந்தப் படத்தப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நல்லா இருக்கிறவ எவளாவது உரிக்கிறதப் போட்டு சோதனை பண்ணுவாளா?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அவளுக்கு மூக்கு ஒழுகியது. ஒரு கையில் தூரிகை, மறுகையில் என் விரல்; துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

"முனைய மூடினியா?" என்று கேட்டேன்.

"எனக்கே சொல்றியா நீ!"

மார்ச் 30, வியாழன்

ஜானெல் என் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "பஸ்ஸ விட்டு இறங்கிட்ட போலிருக்கே!"

ஏப்ரல் 5, புதன்

நான்கு கையையும் மேஜையில் வைத்துப் பார்த்தோம். 'செவ்வாய்க்கிழமை'தான் ஜெயித்தது. மங்கின செம்பு நிறம், நடுநடுவே ஓரிரு பச்சைப் பொட்டு. நான்கு கையிலும் ஒரு சின்ன இடம்கூடப் பெயரவில்லை. பக்கத்தில் போட்டோம். இந்த முறை நான்கு கையும் படத்தில் இருக்கின்றன.

ஒருத்திக்கு ஒருத்தி தாள் சுற்றிவிட்டோம். சதுரங்கள் கோணல்மாணலாக இருந்தன. டெனீஸ் அதைப் பார்த்துவிட்டு, "அவன் வெட்டினா சரியா இருக்கும்" என்றாள். அப்புறம் வேறு ஏதோ பேசினாள்.

போகும் முன் என் பத்து விரலுக்கும் 'செவ்வாய்க்கிழமை'யையே பூசிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஈஸ்டர் சாப்பாடு. உங்கம்மா கண்ணுல படும்."

"படும்."

"வேணும்னா வலது கைக்கு மட்டும் எடுத்துவிடட்டுமா? இல்ல, நீ பூசுற மாதிரி அசிங்கமா பூசிவிடறேன், வா. எனக்குக் கோபமில்ல, நெஜமாவே."

வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 7, வெள்ளி

டெனீஸ் போய்விட்டாள். லாரியின் பின்கதவு மூடாமல் தகராறு செய்தது. இருவரும் சேர்ந்து உதைத்து மூடினோம். வீட்டுக்கு வந்து வாசற்படியில் பூட்ஸோடு உட்கார்ந்து அழுதேன். நன்றாக அழுதேன். நெஞ்சு வலித்தது. வலிக்கட்டும்.

ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு

காலையில் பஞ்சையும் ரிமூவரையும் எடுத்து மேஜையில் வைத்ததை ஒளிக்கப் போவதில்லை. வலது கை மட்டும்தானே, சீக்கிரம் முடிந்துவிடும் என்று வைத்தேன். அப்புறம் மூடியைத் திருகி உள்ளே வைத்துவிட்டேன்.

அம்மா வீட்டில் பன்றித்தொடைக் கறி, சீஸ் போட்ட உருளைக்கிழங்கு. கறித்தட்டை வலது கையால் நீட்டினேன். அம்மா வாங்கவில்லை. என் விரல்களைப் பார்த்தாள். ஜன்னல் வெயிலில் செம்பு மின்னியது.

"வலது கையும் நல்லா வந்திருக்கே" என்றாள்.

"நான் பூசலம்மா. டெனீஸ் பூசினா."

அந்தப் பேர் அந்த வீட்டில் விழுந்து எத்தனை மாதம். தட்டு கனத்தது. நான் இறக்கவில்லை. அம்மாவின் வாய் கோடு மாதிரி இறுகியது. எழுந்து போகச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

கர்ட் கையை நீட்டினான். தட்டுக்கு என்று நினைத்தேன். தட்டை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நுனியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"முனைய மூடியிருக்கா" என்றான்.

அம்மா அவனைப் பார்த்தாள். கறித்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 16, ஞாயிறு

கர்ட் வந்தான். நான் கூப்பிடவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு கட்டு அலுமினியத் தாளை எடுத்து மேஜையில் வைத்தான். எல்லாம் சதுரம், எல்லாம் ஒரே அளவு. தாடியைச் சிரைத்திருந்தான்.

"எடுக்கிற நாள் வந்திருக்கும்னு நெனச்சேன்."

இன்னும் இரண்டு நாள் தாங்கும். சொல்லவில்லை. உட்கார்ந்து கையை நீட்டினேன். இடது கையை நான் சுற்றிக்கொண்டேன், வலது கையை அவன் சுற்றினான். பெரிய விரல்கள், பஞ்சை நகத்தில் வைக்க மூச்சைப் பிடித்துக்கொண்டான். அப்போது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் டெனீஸ் கூப்பிடுகிற நேரம்.

மேஜையில் கிடந்தது, பேர் அவனுக்கு நேராகத் தெரிந்தது. என் பத்து விரலும் தாளுக்குள். நான் அவனைப் பார்த்தேன், அவன் போனைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் போனால் அடித்து ஓய்ந்துவிடும். அவன் எடுத்து அழுத்தி, என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"ஏண்டி, கையெல்லாம் தாளா? சத்தம் சரசரன்னு கேக்குது. எப்படி போன எடுத்த?"

"பிடிச்சுக்கிட்டிருக்கான்."

"யாரு?"

"கர்ட்."

அவள் குரல் அவனுக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு பக்கத்தில் இருந்தான். கை மட்டும் அசையவில்லை.

"பத்து நிமிஷம் முழுசா வைக்கச் சொல்லு" என்றாள் டெனீஸ். "நடுவுல பிரிச்சுப் பாப்பான்."

"பிரிக்க மாட்டேன்" என்றான் கர்ட், போனைப் பார்த்து.